1,62,000 கி.மீ. ஓடிய பிக்கப்புக்கு 68,400 ரூபாய் எஸ்டிமேட்: எதைச் செய்வது, எதைத் தள்ளிவைப்பது?

தக்காளிலோடு (ஒட்டன்சத்திரம்):

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்கும், வாரத்தில் இரண்டு நாள் உடுமலை, சின்னாறு வழியாக மூணாறுக்கும் காய்கறி லோடு அடிக்கிறேன். சொந்த வண்டி, நானேதான் டிரைவர். 1.7 டன் டீசல் பிக்கப், பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்), 2018 மார்ச்சில் எடுத்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. சொன்னால் கேள்வியை விட்டுவிட்டு எந்த வண்டி உசத்தி என்று சண்டை தொடங்கிவிடும்.

10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் தவறாமல் மாற்றிவிடுவேன். மற்றதெல்லாம் கெட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். வருகிற மார்ச்சில் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதற்குள் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று சர்வீஸ் சென்டரில் விட்டேன், ஒரு தாளை நீட்டினார்கள். இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள் 5,900. கியர் ஆயில், கிரவுன் (பின் அச்சில் உள்ள பல்சக்கரம்) ஆயில் 3,200. கூலன்ட் 2,400. பிரேக் ஆயில் 900. முன் டிஸ்க் பேட், பின் பிரேக் ஷூ 7,800. முன் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் 9,600. கிளட்ச் செட் 14,500. டைமிங் கிட் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற பெல்ட் அல்லது செயின்) 13,800. இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பன் (இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுப்பது) 5,500. கூலி 4,800. வரி சேர்த்து 68,400.

இதில் முன் பேட் போன தைக்குத்தான் போட்டது. அதற்குள் தேய்ந்துவிட்டதாம். கையில் 30,000 இருக்கிறது. தை பிறந்தால் கல்யாண லோடு, வண்டி நான்கு நாள் நின்றால் வாடிக்கை அடுத்தவனுக்குப் போய்விடும். கடன் வாங்கி எல்லாவற்றையும் செய்யட்டுமா?

பட்டறைப்பெரியவர்:

கடன் வேண்டாம் தம்பி. 31 வருஷம் பட்டறை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். அந்தத் தாளில் பொய்யாக எதுவும் எழுதவில்லை. ஆனால் இன்று செய்ய வேண்டியதும் அடுத்த வருஷம் செய்ய வேண்டியதும் ஒரே மூட்டையில் கிடக்கிறது. அதைப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலில் அந்த 900 ரூபாய் பிரேக் ஆயில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நீங்கள் எட்டு வருஷமாகத் தொடவே இல்லை போலிருக்கிறது. மூணாறு இறங்குகிறவர் செய்கிற காரியமா இது? பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ரகம் என்றால் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 140-லேயே கொதித்துவிடும். டாட் 4-க்கு அது 230, 155. எது ஊற்ற வேண்டும் என்று வண்டியிலிருக்கிற பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். கொதித்துக் குமிழி வந்துவிட்டால் மிதிக்கிற பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும். ஒரு தடவை எனக்கே கொடைக்கானல் ரோட்டில் பெடல் அப்படிப் போனது. லோடு இல்லாத வண்டி என்பதால் இரண்டாவது கியரில் பிடித்து நிறுத்தினேன்.

அடுத்து கூலன்ட். நடுவில் எத்தனை தடவை போர் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படியும். கழுவிவிட்டு, கலந்தே வருகிற கூலன்டை ஊற்றுங்கள். கியர் ஆயிலையும் கிரவுன் ஆயிலையும் இப்போதே மாற்றிவிடலாம். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில் என்று கையேட்டில் போட்டிருந்தால் அதுதான். கிரவுனுக்கு வாங்கிய ஜிஎல்-5 மீந்திருக்கிறதே என்று அதில் ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

கிளட்சைக் கழற்றாமலே சோதிக்கலாம். சமதளத்தில் நாலாவது கியரில் 40-இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அப்படி இல்லை என்றால் இப்போது தொடாதீர்கள். ஆனால் என்றைக்குக் கியர் பாக்ஸை இறக்குகிறீர்களோ அன்றைக்குப் பிளேட்டோடு ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய் சீலுக்காக மறுபடி பாக்ஸை இறக்கினவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

டைமிங் பெல்ட்டா செயினா என்று கையேட்டைப் பாருங்கள். பெல்ட் என்றால் சொன்ன கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும், அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து இன்ஜினே போகும். செயின் என்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சலசலவென்று கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் தள்ளக் கூடாது. டீகார்பன்? கரும்புகை இல்லை, இழுவை குறையவில்லை என்றால் அந்த 5,500-ஐ டயருக்கு வையுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. ஒரு வருஷத்தில் முன் பேட் ஏன் போனது? பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருக்கிறீர்களா?

மூன்றுவண்டி (நாமக்கல்):

பெரியவர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. கிளட்சை வழுக்குகிற வரை விட்டால் அது வழுக்குவது மலை ஏற்றத்தில், தக்காளியோடுதான். 1,62,000-க்கு அதே கிளட்ச் என்றால் எஃப்சிக்கு வண்டி நிற்கிற நாளிலேயே முடித்துவிடுவேன். வாடகை போகிற இன்னொரு இரண்டு நாளையும் செலவில் சேர்க்க வேண்டுமல்லவா?

என்னிடம் மூன்று பிக்கப். டீசல், டயர் நீங்கலாக ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 ரூபாயை ரிப்பேருக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். உங்கள் ஓட்டம் வருஷத்துக்குச் சுமார் 20,000, அப்படியானால் 40,000 சேரும். இன்னொன்று, எட்டு வருஷம் வரைதான் இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்சி. இனிமேல் உங்களுக்கு வருஷா வருஷம். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தாளில் வரி எவ்வளவு என்று பார்த்தீர்களா? 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். முன்பு பலவற்றுக்கு 28. மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகப்படுவதாக நினைத்தால் நினைக்கட்டும்.

தக்காளிலோடு:

பெரியவரே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆமாம், போன வருஷம் பின்னால் பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்தேன். லோடு கொஞ்சம் கூட வைக்கலாம் என்று எல்லோரும் போடுவதுதானே. வண்டியில் செயின்தான், கையேட்டைப் பார்த்துவிட்டேன். சத்தம் எதுவும் இல்லை.

பட்டறைப்பெரியவர்:

நினைத்தேன். வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வில் மாட்டியிருக்கும். லோடு ஏறிப் பாடி இறங்கினால் பின் பிரேக்குக்கு நிறைய அழுத்தம் விடுவதும், காலி வண்டியில் பின் சக்கரம் வழுக்காமல் அதைக் குறைப்பதும் அந்த வால்வின் வேலை. நீங்கள் பட்டை சேர்த்ததும் பாடி இறங்குவதே இல்லை. இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக் சும்மா பேருக்குப் பிடிக்கும், மொத்தப் பாரமும் முன் பேடுக்கு. புதுப் பேட் போட்டாலும் அடுத்த தைக்குள் போய்விடும்.

கம்பியை வளைத்து ஏமாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பட்டையை எடுத்துவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்குக் கம்பியை வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றுவண்டி (நாமக்கல்):

கூடுதல் லோடுக்குச் சட்டத்தில் 20,000 அபராதம், அதிகமாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஒருமுறை பிடிபட்டால் நீங்கள் கையில் வைத்திருக்கிற 30,000-இல் முக்கால்வாசி அங்கேயே காலி.

தக்காளிலோடு:

வேலை முடிந்தது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வெளிப் பட்டறையில்தான் செய்தேன், ஆயிலும் பாகமும் நானே பில்லோடு வாங்கிக் கொடுத்தேன். பட்டை இரண்டையும் எடுத்தாயிற்று. ஆயில்கள், கூலன்ட், பிரேக் ஆயில், முன் பேட், பின் ஷூ, ஆர்ம் புஷ், வால்வுக் கம்பி சரிசெய்தது, கூலி எல்லாம் சேர்த்து 22,200. பால் ஜாயின்டில் ஆட்டமில்லை, விட்டுவிட்டோம். கழற்றிய பின் ஷூவைப் பார்த்தால் பாதிகூடத் தேயவில்லை. அது வேலையே செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெளியே எடுத்த பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

நேற்று மூணாறு போய் வந்தேன். இறக்கத்தில் மிதித்தால் மூக்கு குத்துவது நின்றுவிட்டது. ஒரு நடைக்கு எட்டுப் பெட்டி குறைகிறதே என்று வியாபாரி முணுமுணுக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம்.

கிளட்ச் நாலாவது கியர் சோதனையில் தேறிவிட்டது. ஆனாலும் நாமக்கல் அண்ணன் சொன்னது மனதில் நிற்கிறது. தைப்பூசம் வரை பழனி ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்தே போக வேண்டும், புது பிளேட்டை அதில் போட்டுத் தேய்க்க மனமில்லை. கூட்டம் வடிந்ததும், எஃப்சிக்கு முந்தைய வாரம் பாக்ஸை இறக்கப்போகிறேன். ஆயில் சீல் இப்போதே வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டேன், பெரியவரே.