கருத்தடை ஊசி போட்டு 14 மாதமாக மாதவிடாய் இல்லை. நிறுத்திவிட்டு இயற்கையாக விடுவதா?

உப்புவெளிக்காரி:

அக்காமாரே, ஊரில் முகம் பார்த்துக் கேட்க முடியாததை இங்கே கேட்கிறேன்.

வயது 32. இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு நாலு வயது. அவளுக்கு ஆறு மாதமானதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி போடுகிறேன். தொடங்கின புதிதில் பெரிய கரைச்சல். நின்றுவிட்டது என்று நினைத்தால் திரும்ப ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. ஒருமுறை விடாமல் 17 நாள். அந்த வருட நவராத்திரி முழுக்க அப்படித்தான். கும்பம் எங்கள் ஒழுங்கையால் போன இரவு, துடக்கோடு கிட்டப் போகக்கூடாது என்று படலைக்கு உள்ளே நின்று பார்த்தேன். மூத்தவன் கையைப் பிடித்து இழுத்தான், "வாங்கோ அம்மா" என்று. போகவில்லை. இப்படி வரும் என்று ஊசி போட்ட இடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் மெல்லக் குறைந்து, இப்போது 14 மாதமாக ஒன்றுமே இல்லை. மாமிக்கு இதுதான் பயம். "கழிவு ரத்தம் வெளியில போகாட்டி உள்ளுக்கே கட்டிக்கொள்ளும், பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி உழுத்தங்களி கிண்டித் தருகிறா. என்மேல் உள்ள அன்பில்தான் செய்கிறா. ஆனால் கேட்கக் கேட்க எனக்கும் பயம் வந்துவிட்டது. கர்ப்பமோ என்று இரண்டு தரம் பார்மசியில் ஸ்ட்ரிப் வாங்கிப் பார்த்தேன்.

ஊசிக்கு முந்தின நிலைமையையும் சொல்ல வேண்டும். எட்டு நாள் போகும். முதல் இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு பாட் மாற்றுவேன். ஹீமோகுளோபின் 8.9. கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். இப்போது 11.8, நிற்காமல் ஏறுகிறேன். அது ஊசி தந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் ஆறு கிலோ கூடிவிட்டது. கிழமைக்கு ஒருதரம் தலையிடி. இவர் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நெடுநாள் படகில் போகிறவர். மூன்று, நாலு கிழமை கடலில், பிறகு ஒரு பத்து நாள் வீட்டில். அந்தப் பத்து நாளும் எனக்கு மனமே வருவதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் கவலை.

மாதம் மாதம் வந்தபோது சலித்துக்கொண்டேன். வராமல் போனபின் என் உடம்பு எனக்கே அந்நியமாக இருக்கிறது. இரத்தம் உண்மையில் உள்ளே தேங்குமா? நிறுத்தினால் எப்போது திரும்ப வரும்? ஹோர்மோன் ஒன்றும் இல்லாமல் நாள் எண்ணிச் சமாளிக்கலாமா?

கிண்ணியா தாத்தா (முஸ்லிம் வழக்கில் அக்கா):

தங்கச்சி, நான் நாலு வருடம் கருத்தடைக் குளிசை குடித்தேன். குமட்டலும் எரிச்சலும் தாங்க முடியாமல் கருப்பைக்குள் வைக்கிற செப்பு லூப்புக்கு மாறினேன். அதில் ஹோர்மோன் இல்லை, பத்து வருடம் வைத்திருக்கலாம். முதல் நாலு மாதம் வயிற்றுக்குத்தும் அதிக இரத்தப்போக்கும் இருந்தது. இப்போது ஆறு நாள், சொன்ன நேரத்துக்கு வருகிறது. தொழுகைக்கு எனக்கு நாள் கணக்குத் தெரிய வேண்டும், அதனால் மனநிம்மதி. ஆனால் எனக்கு ஒருநாளும் இரத்தம் குறைந்ததில்லை. உங்கள் 8.9ஐப் பார்த்தால் லூப் போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

குடும்பநல உத்தியோகத்தர்:

20 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், தங்கச்சி. இரத்தம் தேங்கவில்லை. மாதா மாதம் கருப்பையின் உள்படை தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து வருவதுதான் மாதவிடாய். ஊசி முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது, உள்படையும் மெல்லியதாகவே இருக்கிறது. உதிர அங்கே ஒன்றும் இல்லை. அது கழிவு இரத்தமும் இல்லை என்று மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குளிசை குடிப்பவர்களுக்கு மாதத்தில் ஹோர்மோன் இல்லாத ஏழு நாளில் வருவதும் இயற்கையான மாதவிடாய் அல்ல, ஹோர்மோன் நின்றதால் வருகிற போக்குத்தான்.

ஊசியில் வருடத்துக்கு ஒன்று, இரண்டு கிலோ கூடுவது பலருக்கு நடக்கிறது. தலையிடியும் ஆசைக் குறைவும் சிலருக்கு வரும். நீங்கள் கற்பனை பண்ணவில்லை. தலையிடிக்கு முன் கண்ணில் மின்னல் மாதிரித் தெரிந்தாலோ கை விறைத்தாலோ வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த குளிசை கொடுக்கக்கூடாது. பிரஷரும் பாருங்கள்.

நிறுத்தினால் மாதவிடாய் திரும்பப் பல மாதம் எடுக்கலாம். கடைசி ஊசியிலிருந்து கரு தங்கச் சராசரியாக 10 மாதம் என்பார்கள். அதை நம்பிப் பாதுகாப்பில்லாமல் இருக்க வேண்டாம், சிலருக்கு வெள்ளெனவே தங்கும். நாள் எண்ணுகிற முறையில், மாதவிடாய் தொடங்கின நாளை ஒன்றாக எண்ணி, 8ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை உறவைத் தவிர்க்க வேண்டும், அதுவும் சுற்று 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்கு மட்டும். ஊசி விட்ட உடனே அந்த ஒழுங்கு இராது. உங்கள் வீட்டுக்காரர் கரைக்கு வருகிற பத்து நாளே அந்தப் பன்னிரண்டுக்குள் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

என் மனதில் உறுத்துவது வேறொன்று. எட்டு நாள் போக்கு ஏன் என்று அப்போது யாராவது ஸ்கேன் பார்த்தார்களா? கருப்பையில் நார்க்கட்டி இருந்தாலும், தைரொயிட் பிரச்சினை இருந்தாலும் அப்படிப் போகும். ஊசி அதை மறைத்து வைத்திருக்கலாம். நிறுத்துவதற்கு முன் அதைப் பாருங்கள். ஹோர்மோன் லூப் என்று ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்து போக்கைக் குறைக்கும். உங்களுக்குப் பொருந்துமா என்று பெண்நோயியல் வைத்தியரிடம் கேளுங்கள்.

நிலாவெளி:

நான் நிறுத்தி ஒன்பதாம் மாதம் வந்தது. வந்த அன்று அழுதேன், சந்தோஷத்தில். அடுத்த மாதம் அதே பழைய வயிற்றுவலி. இரண்டையும் எதிர்பாருங்கள்.

உப்புவெளிக்காரி:

ஸ்கேன் ஒருவரும் பார்க்கவில்லை, அக்கா. இரும்புக் குளிசை தந்ததோடு சரி. நீங்கள் எழுதினதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப உள்ளுக்கு ஒண்டும் இல்லையா?" என்று மூன்று தரம் கேட்டா. அடுத்த ஊசிக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. அதற்குள் ஸ்கேனும் தைரொயிட் சோதனையும் எடுத்துவிட்டு, ஹோர்மோன் லூப்பைப் பற்றிக் கேட்கப் போகிறேன். இவர் கரைக்கு வந்ததும் சொல்லப் போகிறேன், என் மனம் வராததையும் சேர்த்து. வியாழக்கிழமை கிளினிக்குக்கு மாமியும் கூட வருகிறாவாம்.