பழைய பிரெஞ்சு அஞ்சலட்டைகளும் கத்தரிக்கோலும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பாரிஸ் புறநகரிலிருந்து

பாரிசின் தெற்கு எல்லையில், போர்ட் தெ வான்வ் பகுதியில் சனி, ஞாயிறு காலைகளில் கூடும் பழம்பொருள் சந்தைக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு மரத்தட்டு வாங்குவதற்காக. தட்டு கிடைத்தது. அதை விற்றவரின் மேசைக்கு அடியில், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கிய பழைய பட அஞ்சலட்டைகளும் கண்ணில் பட்டன. ஒன்று ஒரு யூரோ, பன்னிரண்டு எடுத்தால் பத்து யூரோ என்றார். தட்டின் உட்புறம் 36க்கு 42 செ.மீ.; பழைய பிரெஞ்சு அட்டை 9க்கு 14 செ.மீ. வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை ஒட்டினால் மிச்சமில்லாமல் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, படங்களை மட்டும் பார்த்துப் பன்னிரண்டைப் பொறுக்கினேன். தேவாலயங்கள், கடற்கரையில் முழங்கால்வரை உடையணிந்து குளிப்பவர்கள், ஒரு மாட்டுச் சந்தை, 1910 சனவரியில் சேன் நதி பெருகிப் பாரிஸ் தெருவில் படகு ஓடிய காட்சி என்று எல்லாம் கலந்திருந்தன.

அன்றிரவே வெள்ளைப் பசையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றை ஒட்டி முடித்து, வெள்ளக் காட்சியைத் திருப்பிப் பசை தடவப் போனபோதுதான் பின்புறத்தை வாசித்தேன். பழைய பிரெஞ்சுக் கையெழுத்து எனக்கு எளிதில் பிடிபடாது. ஆனால் இது பள்ளிக்கூடப் பிள்ளையினுடையதைப் போல உருண்டு தெளிவாக இருந்தது. தண்ணீர் மூன்றாவது படிவரை வந்துவிட்டதாகவும், நிலவறையில் இருந்த கரி முழுவதும் நனைந்துவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை யாரும் புறப்பட்டு வர வேண்டாம் என்றும் ஒரு தாய் தன் மகளுக்கு எழுதியிருந்தார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அட்டை இன்றுவரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தட்டில் அதற்குரிய இடம் வெறும் மரமாகவே கிடக்கிறது. மற்றப் பதினொன்றின் பின்புறத்தில் யார் யாருக்கு என்ன எழுதியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான்தான் அவற்றைப் பசைக்குள் புதைத்தேன். அதற்குப் பிறகும் அட்டைகள் வாங்குவதை நான் விடவில்லை, கைவேலையையும் விடவில்லை. நீங்கள் இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

லியோனிலிருந்து

உங்களுக்கு ஓர் ஆறுதல் சொல்ல முடியும். பிரான்சில் 1903 டிசம்பருக்கு முன்பு பட அஞ்சலட்டையின் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது. செய்தியை அங்கே எழுத அனுமதி இல்லை. ஆகையால் மக்கள் முன்புறத்தில், படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரத்திலும், சில வேளைகளில் வானத்தின் மீதும் தேவாலயக் கூரையின் மீதும் நுணுக்கி எழுதினார்கள். பின்புறத்தின் நடுவில் கோடு விழுந்து, இடப்பக்கம் செய்திக்கும் வலப்பக்கம் முகவரிக்கும் என்று பிரிந்தது அதன் பிறகுதான். உங்கள் பதினொன்றில் கோடில்லாத பழைய அட்டைகள் இருந்திருந்தால், அவற்றில் எழுதியவர் சொல்லவந்தது தட்டின் மேலேயே வாசிக்கக் கிடைக்கும். ஒருமுறை பூதக்கண்ணாடியுடன் பாருங்கள்.

பின்புறம் எல்லாமே கதை சொல்லும் என்றும் எண்ண வேண்டியதில்லை. தேதியும் கையொப்பமும் நீங்கலாக ஐந்து சொற்களுக்கு மேல் எழுதாவிட்டால் 10 சாந்தீமுக்குப் (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்) பதிலாக 5 சாந்தீம் தபால்தலை ஒட்டினால் போதும் என்ற சலுகை அக்காலத்தில் இருந்தது. சிக்கனக்காரர்கள் 'அன்பு முத்தங்கள்' என்பதோடு முடித்துக்கொண்டார்கள். விதைப்பவள் உருவம் பொறித்த பச்சை 5 சாந்தீம் தலையைக் கண்டால், பின்புறத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சிவப்பு 10 சாந்தீம் தலையைக் கண்டால் நின்று வாசியுங்கள். எனக்கு இது பலமுறை பலித்திருக்கிறது.

நான் மூல அட்டையை ஒட்டுவதே இல்லை. முன், பின் இரண்டையும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, அச்செடுத்த நகலைத்தான் பெட்டி மூடிகளுக்கும் குறிப்பேட்டு அட்டைகளுக்கும் பயன்படுத்துகிறேன். 1900களின் அட்டைகளில் பெரும்பாலானவை ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டிலிருந்து அச்சிட்டவை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் செய்தித்தாள் படத்தைப்போல ஒழுங்கான புள்ளிகள் தெரியாது, புழு ஊர்ந்ததுபோன்ற நுண்ணிய சுருள்கள் தெரியும். அந்த மென்மை நல்ல தாளில் எடுத்த நகலிலும் ஓரளவு தங்கிவிடுகிறது. படத்தின் அடியில் 'எல்எல்' என்றோ 'என்டி' என்றோ எழுத்துகள் இருந்தால் அவை முறையே லெவி, நோர்தேன் என்னும் இரண்டு பெரிய பதிப்பகங்களைக் குறிப்பவை. லட்சக்கணக்கில் அச்சாகிப் பரவிய அட்டைகள் என்பதால் இவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

நகலிலும் ஒரு பாடம் கற்றேன். முதல் தடவை இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த நகலின் மேல் நீர் கலந்த பசையைத் தடவினேன். அதுவும் 1910 வெள்ளப் படம்தான். என் கண்முன்னே பாரிசில் இரண்டாவது வெள்ளம் வந்தது. இப்போது லேசர் அச்சு மட்டுமே.

கோயம்புத்தூரிலிருந்து

இணைய ஏலத்தில் ஓர் ஆல்பத் தாளோடு சேர்த்து நான்கு அட்டைகளை வாங்கினேன். எல்லாம் பூங்கொத்து ஏந்திய பெண்களின் படங்கள். தாளிலிருந்து பிரிக்கத் தெரியாமல், தபால்தலையை ஊறவைப்பதுபோல வெதுவெதுப்பான நீரில் போட்டுவிட்டேன். அந்த வகை அட்டைகளில் புகைப்படம் கறுப்பு வெள்ளையாகவும், கன்னத்துச் சிவப்பும் பூவின் நிறமும் கையால் பூசியவையாகவும் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கன்னத்துச் சிவப்பு கழுத்துக்கு இறங்கிவிட்டது. பின்புறத்தில் இருந்த ஊதா மை, கத்தரிக்காய் வேகவைத்த நீரைப்போலக் கரைந்து வந்தது. இப்போது ஆல்பத் தாளோடு எது வந்தாலும் தாளை மட்டும் சுற்றிலும் வெட்டி எடுத்து, அட்டையை அப்படியே விட்டுவிடுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து

பாரிசில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, ஷான்செலிசேக்கு அருகில் மரினி நிழற்சாலையோரம் கூடும் தபால்தலைச் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை போனேன். அங்கே அட்டைகளை மாவட்ட வாரியாகப் பிரித்து நீளப் பெட்டிகளில் வைத்திருப்பார்கள். குடியேற்ற நாடுகளுக்கு மட்டும் தனிப்பெட்டி. நான் 'போந்திச்சேரி' என்றதும், வயதான கடைக்காரர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியைத் தொடாமல் காலடியிலிருந்த பையிலிருந்து ஒரு மெல்லிய ஆல்பத்தை எடுத்தார். அவ்வாறு எடுத்தால் விலை கூடுதல் என்று பொருள்.

எங்கள் பழைய கடற்பாலம் அதில் இருந்தது. 1952 புயலில் சிதைந்துபோன அந்த இரும்புப் பாலத்தைப் பற்றி என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்; அவர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், இந்தோசீனாவில் பணியாற்றியவர். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவில் நிற்க, சலங்கு எனப்படும் படகுகளில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கிய இடம் அது. படத்தில் பாலத்தின் மேல் தலைப்பாகையுடன் சிலர் நிற்கிறார்கள். 25 யூரோ கேட்டார்; 22க்கு வாங்கினேன்.

அடுத்த பக்கங்களைப் புரட்டியபோதுதான் கை தயங்கியது. 'தமிழ்ப் பெண்', 'பிராமணர்', 'தேவதாசிகள்' என்ற வகையில் தொழிலும் சாதியும் மட்டும் தலைப்பாக அச்சிட்ட அட்டைகள். பெயர் ஒருவருக்கும் இல்லை. ஒரு பெண் இடுப்பில் குடத்துடன் நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெரியத்தையின் முகச்சாயல் என்று நினைத்துக்கொண்டேன், அது வெறும் மனப்பிரமையாகவும் இருக்கலாம். அந்த அட்டையையும் வாங்கினேன். ஆனால் அதை நகல் எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. இங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளில் இத்தகைய படங்களைக் கோப்பைத்தட்டுகளில் ஒட்டி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம், பெயர்கூடக் கேட்கப்படாமல் நிறுத்தப்பட்ட ஒருத்தியின் முகத்தின் மேல் சூடான காப்பிக் குவளையை வைப்பதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம். என் தம்பியே ஒருவன்.

கடற்பாலத்தை மட்டும் பெரிதாக்கி அச்செடுத்தேன். எங்கள் ஊர் ஆசிரமத்துக் கைத்தாள் ஆலையின் தடித்த தாளைக்கொண்டு குறிப்பேடுகள் தைத்து, முன்னட்டையில் பாலத்தையும், பின்னட்டையில் அந்த அஞ்சலட்டையின் பின்புறத்தையும், அதாவது முகவரி, முத்திரை, தபால்தலை உட்பட, ஒட்டினேன். உறவினர்களுக்குக் கொடுத்த பத்துக் குறிப்பேடுகளில் ஒன்றிலும் யாரும் இன்னும் எழுதவில்லையாம். எழுத மனமில்லை என்கிறார்கள். அது பாராட்டா என்று தெரியவில்லை.

லீலிலிருந்து

செப்டம்பர் முதல் வார இறுதியில் எங்கள் லீல் நகரம் முழுவதும் ஒரே பழம்பொருள் சந்தையாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு மூதாட்டியிடம், முதல் உலகப்போர்க் காலத்தில் வட பிரான்சில் செய்து படைவீரர்களுக்கு விற்ற பட்டுப் பூவேலை அட்டை ஒன்றைக் கண்டேன். மெல்லிய பட்டுத்துணியில் பூக்களையும் கொடிகளையும் நூலால் வேலை செய்து, மேலே புடைப்புத் தாள்சட்டம் ஒட்டியிருப்பார்கள். இவற்றைப் பெரும்பாலும் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியதால் பின்புறத்தில் தபால்தலை இராது, பலவற்றில் எழுத்தும் இராது. எனவே இதைச் சட்டம் போட்டால் ஒன்றும் கெடாது என்று நினைத்து, மூதாட்டியிடமே சொன்னேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அட்டையை என் கையிலிருந்து வாங்கி, பட்டின் ஒரு பகுதியை நகத்தால் மெதுவாக நெம்பினார். அது ஒரு சிறு பை. உள்ளே விரல் அகலத்தில் இன்னோர் அட்டை. அதன் பின்னே பென்சிலில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: குளிர் அதிகம், காலுறை வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளாக இதை விற்கிறேன், வாங்குபவர்களில் பாதிப்பேர் பையைத் திறந்தே பார்ப்பதில்லை என்றார்.

அதை ஆழமான கண்ணாடிப் பெட்டிச் சட்டத்தில் வைத்திருக்கிறேன். பசை ஏதுமில்லை, அமிலமற்ற தாளில் செய்த நான்கு மூலைப்பிடிகள் மட்டுமே. சின்ன அட்டையை வெளியே எடுத்து, எழுத்துப் பக்கம் தெரியும்படி அதற்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம். பட்டுநூலின் இளஞ்சிவப்புதான் முதலில் வெளிறும்.

பாரிஸ் புறநகரிலிருந்து

அனைவருக்கும் நன்றி. லியோன் நண்பர் சொன்னபடி பூதக்கண்ணாடியுடன் தட்டைப் பார்த்தேன். மாட்டுச் சந்தையின் வானத்தில், வார்னிஷுக்கு அடியில், மங்கலான ஒரு வரி உண்மையிலேயே இருக்கிறது: விலை படிந்துவிட்டது, செவ்வாய் வருகிறோம். இத்தனை நாளும் அதை மேகத்தின் கோடு என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. போன வாரம் என் மனைவி அடுப்பிலிருந்து இறக்கிய தேநீர்க் கேத்தலைத் தவறுதலாக நேரே தட்டில் வைத்துவிட்டார். வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும். கடற்கரைக் குளியல் அட்டையின் வலது மேல்மூலை எழும்பி நின்றது. முன்புறத்தின் வலது மூலை என்றால் பின்புறத்தின் இடது மூலை. செய்தி தொடங்கும் இடம். தாள் மடிக்கப் பயன்படும் மழுங்கிய எலும்புக் கத்தியை உள்ளே நுழைத்து மெல்லத் தூக்கினேன். 'மா ஷேர்', அதாவது 'என் அன்புக்குரியவளே', என்பதுவரை தெரிந்தது. அதற்கு மேல் தாள் கிழியத் தொடங்கியதால் நிறுத்திவிட்டேன்.