பையன் லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டுறான், எப்படி நிறுத்துறது?

மல்லிகை மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், 16 முடிஞ்சு நாலு மாசம் ஆகுது. நல்ல புள்ளதான், ஆனா புதுசா ஒரு செட்டோட சேந்து சாயங்காலமானா ரிங் ரோடு பக்கம் வண்டில சுத்துறான், ஒரே வண்டில மூணு பேரு, பின்னாடி இருக்கவன் வீடியோ எடுக்குறான், அந்த வீடியோவ பக்கத்து வீட்டுப் பொண்ணு காட்டித்தான் எனக்கே தெரியும். வண்டி என் தம்பியோடது. அவன கேட்டா "ஆம்பளப் புள்ள, ஓட்டிப் பழகட்டும்க்கா"ங்குறான். ஸ்கூல்ல குடுத்த சைக்கிள் காத்து எறங்கி திண்ணையோரமா நிக்குது, அதுல போனா கேவலமாம். அவங்க அப்பா வெளியூர்ல வேலை, போன்ல கத்துறாரு, இவன் பேசுறதையே நிறுத்திட்டான். ராத்திரி வாசல்ல அவன் செருப்பு சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரு கைல இல்ல. என்ன பண்றது?

கருப்புக் கோட்டு:
அக்கா, மொதல்ல உங்க தம்பிகிட்ட சாவிய வாங்குங்க. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்த திருத்துனப்ப 199ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. 18 ஆகாத புள்ள வண்டி ஓட்டி மாட்டுனா பெத்தவங்க, வண்டி ஓனர் மேலதான் கேஸு, 3 வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் எல்எல்ஆர் கூட கிடைக்காது. "16 ஆச்சுல்ல, லைசென்ஸ் எடுக்கலாம்"னு பசங்க சொல்லுவாங்க, அது 50 சிசிக்கு மேல போகாத வண்டிக்கு மட்டும்தான், இப்ப ரோட்டுல ஓடுற பெட்ரோல் ஸ்கூட்டி கிட்டத்தட்ட எல்லாமே அதுக்கு மேல. எவனையாவது இடிச்சுட்டா இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கட்டிட்டு ஓனர்கிட்ட திருப்பி வசூல் பண்ணவும் வழி இருக்கு. இத அப்படியே உங்க தம்பிக்கு படிச்சுக் காட்டுங்க.

முட்டில பிளேட்டு:
அக்கா நான் உங்க பையன் இடத்துல இருந்தவன், இப்ப 23. பிளஸ் டூ படிக்கும்போது பிரெண்டு வண்டில பின்னாடி உக்காந்து போய் விழுந்தேன், வலது முட்டில பிளேட்டு வச்சுருக்கு, மாடிப்படி ஏறுனா இன்னும் வலிக்கும். உண்மைய சொல்றேன், அன்னைக்கு எனக்கு ஏறவே மனசில்ல. ஆனா ரெண்டு பேரு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சுக் கூப்புடும்போது "பயமா இருக்குடா"ன்னு சொல்ல அந்த வயசுல வாய் வராது. வீட்டுக்கு போன் பண்ணலாம்னா அப்பா அங்கயே மானத்த வாங்கிருவாரு. அதனால அவனுக்கு ஒரு சாக்கு குடுங்க. எங்க அக்கா பையனுக்கு இதத்தான் பண்ணிருக்கோம், அவன் மிஸ்டு கால் குடுத்தா நான் திருப்பிக் கூப்ட்டு பக்கத்துல இருக்கவனுக்கும் கேக்குற மாதிரி "எங்கடா இருக்க, உடனே வீட்டுக்கு வா"ன்னு சத்தம் போடுவேன், அவன் "மாமா விட மாட்டேங்குறாரு மச்சி"ன்னு கெளம்பிருவான். வந்தப்புறம் அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வி கேக்க மாட்டோம், அதான் முக்கியம். இதுவரைக்கும் ரெண்டு தடவ கூப்ட்ருக்கான்.

தமிழ் டீச்சர்:
தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. அந்தப் பசங்கள வீட்டுக்கு வரக் கூடாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க மா, அப்புறம் எங்க போறான்னே தெரியாமப் போயிரும். கூப்ட்டு ஒரு நாள் சோறு போடுங்க, யாரு என்னன்னு உங்களுக்கே பிடிபடும். அவங்க அம்மாமாருங்க நம்பரையும் வாங்கி வச்சுக்கோங்க.

மல்லிகை மதுரை:
ரொம்ப நன்றி. சாவிய வாங்கிட்டேன், 25,000ன்னதும் தம்பி வாயத் தொறக்கல. பையன்கிட்ட மிஸ்டு கால் விஷயத்த சொன்னேன். தட்டுல இருந்த தோசையவே பாத்துக்கிட்டு இருந்தான், அப்புறம் "நெசமாவே ஒண்ணும் கேக்க மாட்டியா"ன்னான். மாட்டேன்னேன். "அப்பாகிட்ட?"ன்னான். இன்னைக்கு நைட்டு அவருகிட்டதான் பேசணும்.