சிடி ஸ்கேன் படத்தில் எல்லாமே வெள்ளைதான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல

பெங்களூரில் ஸ்கேன் எடுத்தவர்கள், எடுத்துக் கொடுப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன கோடையில் இடுப்பு வலியில் துடித்துப்போனார். அல்சூரில் வீட்டுப் பக்கத்தில் எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில் வலது சிறுநீரகத்தில் கல் என்று வந்தது. "எக்ஸ்ரேல தெரியாத கல்லுன்னா யூரிக் ஆசிட் கல்லா இருக்கலாம். டூயல் எனர்ஜி சிடி எடுத்துட்டு வாங்க, ஆபரேஷனை அப்புறம் பேசலாம்" என்றார் மருத்துவர். டூயல் எனர்ஜி என்றால் ஒரே இடத்தை இரண்டு வேறு எக்ஸ்ரே சக்தியில் படம் எடுப்பது.

சாதாரண சிடி படத்தில் அப்பாவின் கல்லும் முதுகெலும்பும் இரண்டுமே வெள்ளை. நான் கேட்டதால் ரேடியாலஜிஸ்ட் திரையில் காட்டினார். கல்லின் மேல் மவுஸால் சின்ன வட்டம் போட்டார். அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஒரு எண்ணாகத் திரை காட்டும். 80 கிலோவோல்ட்டில் எடுத்த படத்திலும் 140-இல் எடுத்த படத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண். அதே வட்டத்தை எலும்புக்கு நகர்த்தியதும் 80-இல் எண் சட்டென்று ஏறியது. கால்சியம் அப்படித்தான் ஏறுமாம், யூரிக் ஆசிட் ஏறாதாம். வண்ணம் கொடுத்த படத்தில் கல் சிவப்பு, எலும்பு நீலம்.

கத்தி வைக்கவில்லை. பொட்டாசியம் சிட்ரேட் மருந்து, நிறையத் தண்ணீர், சிறுநீரின் அமிலத்தன்மையைப் பார்க்க வீட்டிலேயே ஸ்ட்ரிப். சில மாதத்தில் கல் கரைந்துவிட்டது. கால்சியம் கல்லாக இருந்தால் இப்படிக் கரையாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் ஏறிவிடும், அதனால் யாரும் இந்த மருந்தைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

* * *

நான் சிடி டெக்னீஷியன், இதே ஊரில். மேலே சொன்ன எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு −100 பக்கம், உறைந்த புது ரத்தம் 50 முதல் 80 வரை. சிடியைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் இந்த அளவு இருக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு பொட்டலத்தில் அரிசி எது, உப்பு எது என்று தராசு சொல்லாது. அப்படித்தான் ஒற்றை எண்ணும். 100, 140 கிலோவோல்ட் என்று இரண்டு வோல்ட்டேஜில் எடுத்தால் அயோடினையும் (படத்தில் ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் மருந்தில் இருப்பது) கால்சியத்தையும் பிரிக்கலாம் என்று ஹவுன்ஸ்ஃபீல்ட் 1973-லேயே எழுதிவிட்டார். மருத்துவமனைகளில் அது பழக்கத்துக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

என் மனதில் நிற்பது ஒரு ஸ்ட்ரோக் கேஸ். ஸ்ரீராம்புரத்துப் பெரியவர். மூளை ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைத் தொடை வழியாகக் குழாய் விட்டு எடுத்திருந்தார்கள். மறுநாள் சிடியில் அந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளைத் திட்டு. மகன் வாசலிலேயே நின்று, "அண்ணா, ரத்தக் கசிவா?" என்று கேட்டார். ரிசல்ட்டை நாங்கள் சொல்லக் கூடாது. அதோடு அந்த ஒரு படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. சிகிச்சையின்போது செலுத்திய அயோடின் மருந்து பாதிப்படைந்த இடத்தில் கசிந்து நின்றாலும் இதே வெள்ளைதான். ரத்தம் என்றால் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அயோடின் மருந்துதான் என்றால் அந்த மாத்திரையைத் தொடங்கலாம்.

டூயல் எனர்ஜியில் எடுத்ததால் அயோடினைக் கழித்த படம் கிடைத்தது. அதில் திட்டு காணோம், அயோடின் படத்தில் மட்டும் இருந்தது. டாக்டர் வந்து "ரத்தம் இல்லப்பா" என்றதும் அந்தப் பையன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஸ்கேனுக்கு வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: சமீபத்தில் கான்ட்ராஸ்ட் ஊசி (அதே அயோடின் மருந்து) போட்டிருந்தால் என்றைக்கு என்று சொல்லுங்கள். இடுப்பில், பல்லில் உலோகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதன் கோடுகள் பக்கத்து எண்களைக் கெடுத்துவிடும். பழைய ஸ்கேனின் ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேனைப் பதிந்து கொடுக்கும் டிஸ்க்கையும் (CD) எடுத்து வாருங்கள், எண்கள் அதில்தான் இருக்கும். டூயல் எனர்ஜி எல்லா சென்டரிலும் கிடையாது, போனிலேயே கேட்டுவிடுங்கள். சிறுநீரில் கல் வெளியே வந்தால் தூக்கிப் போடாமல் டப்பாவில் வைத்து லேபுக்குக் கொடுங்கள். எந்த மெஷினையும் விட அந்தச் சோதனைதான் உறுதி.