200 தொகுதிகளைத் தாண்டிய கோல்கோ 13: எங்கிருந்து வாசிப்பது, இப்போது அது யாருடைய படைப்பு?

கேள்வி
செக்காலை ரோட்டார், காரைக்குடி

அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் அம்மான் கொண்டுவந்த பெட்டிகளில், கோல்கோ 13 என்னும் ஜப்பானிய மங்காவின், அதாவது படக்கதைத் தொடரின், ஆங்கிலத் தொகுதிகள் சில இருந்தன. காரைக்குடியில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னதும், வட்டத்தில் பெரும்பாலோர் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவர்கள் என்பதால், '13' என்ற எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் இரத்தப் படலத்தின் நாயகனைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். அது 1984-இல் தொடங்கிய பெல்ஜியக் கதை, தன் நினைவை இழந்தவன் தான் யார் என்று தேடி அலைவது. இதுவோ அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே ஜப்பானில் தொடங்கியது, பணம் வாங்கிக்கொண்டு கொலை செய்யும் ஒருவனைப் பற்றியது என்று விளக்க வேண்டியதாயிற்று.

இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துள்ள இத்தொடரை எங்கே தொடங்குவது என்பது என் முதல் ஐயம். இதை உருவாக்கிய டகாவோ சாய்டோ 2021-இலேயே காலமாகிவிட்டார். அப்படியிருக்க, இன்றும் புதிய கதைகள் வந்துகொண்டே இருப்பதால், அவற்றை அவருடைய படைப்பு என்று சொல்லிக் கூட்டத்தில் பேசலாமா என்பது இரண்டாவது. எங்கள் கூட்டத்துக்குக் கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். கூலிக்குக் கொல்பவனைக் கதைத் தலைவனாக வைத்த ஒன்றை அவர்கள் முன் எப்படி வைப்பது என்றும் தெளிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி
தேவகோட்டை நண்பர்

அண்ணே, வரிசையைப் பற்றி நீங்கள் சிறிதும் கவலைப்பட வேண்டியதில்லை. டியூக் டோகோ என்ற பெயரில் நடமாடும் அந்தக் கொலையாளியின் கதைகள் பெரும்பாலும் தனித்தனியே தொடங்கித் தனித்தனியே முடிபவை. ஒருவர் வந்து வேலையைச் சொல்வார், டோகோ கேட்பான், ஒப்புக்கொள்வான் அல்லது மறுப்பான், ஒப்புக்கொண்டால் முடித்துவிட்டுப் போய்விடுவான். கதைக்குக் கதை அவன் வளர்வதில்லை, திருந்துவதில்லை, காதலில் விழுவதில்லை. அவன் எந்த நாட்டில் யாருக்குப் பிறந்தான் என்று துப்புத் துலக்கப் புறப்படுவோரின் கதைகளும் இடையிடையே வருகின்றன. ஒவ்வொன்றும் ஏற்கத்தக்க ஒரு பிறப்புக் கதையைக் கட்டி எழுப்பிக் காட்டிவிட்டு, கடைசியில் உறுதி செய்யாமலே விட்டுவிடும். ஆகவே எந்தத் தொகுதியைக் கையில் எடுத்தாலும் அதுவே முதல் தொகுதிதான்.

ஆங்கிலத்தில் 2006 முதல் 2008 வரை விஸ் நிறுவனம் 13 தொகுதிகளாக ஒரு தேர்வுப் பதிப்பை வெளியிட்டது. உங்கள் அம்மானிடம் இருப்பது அதுவானால், பல காலத்துக் கதைகளைக் கலந்து எடுத்துத் தொகுத்தது என்பதால், நுழைவதற்கு அதைவிட வசதியானது வேறில்லை. முதல் தொகுதியில் ஈராக்கின் ராட்சத பீரங்கியை வைத்து எழுதப்பட்ட கதை இருக்கும், அதிலேயே தொடங்குங்கள். செய்தித்தாளில் வந்த ஒரு விஷயத்தை எடுத்து, அதன் பின்னணியில் யார் யாருக்கு என்ன ஆதாயம் என்று ஆராய்ந்து, கடைசியில் ஒரே ஒரு தோட்டாவில் கொண்டுவந்து முடிப்பது இத்தொடரின் வழக்கம் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

வாசிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேலை கொடுக்க வந்தவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார். எதிரே டோகோ சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடி சுருட்டைப் புகைத்துக்கொண்டிருப்பான். அவன் தலைக்கு மேலே உள்ள பேச்சுக் குமிழில் வெறும் புள்ளிகள் மட்டும் இருக்கும். பேசாமல் இருப்பதற்கும் ஒரு குமிழ் ஒதுக்கியிருக்கிறார்கள். சுவரில் சாய்வதும் வெறும் தோரணையன்று, தனக்குப் பின்னால் எவர் நிற்பதையும் அவன் பொறுப்பதில்லை. கை குலுக்க நீட்டினாலும் வலக்கையைத் தரமாட்டான். இந்த நுணுக்கங்களெல்லாம் வசனத்தில் விளக்கப்படாமல் படத்திலேயே வந்துபோவதால், வேகமாகப் புரட்டுகிறவர்களுக்கு அகப்படாமல் போகும்.

மறுமொழி
பள்ளத்தூர்க்காரர்

இரண்டாவது கேள்விக்கு நான் விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன், ஏனெனில் இத்தொடரின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சாய்டோ 1936-இல் வாகாயாமாவில் பிறந்து ஒசாகா வட்டாரத்தில் வளர்ந்தவர். இளமையில் முடிதிருத்தும் தொழிலில் இருந்தார். அவருடைய முதல் புத்தகம் 1955-இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன, அந்தக் கடைகளுக்கென்றே அச்சிடப்பட்ட படக்கதைகளில்தான் அவர் கை பழகினார். குழந்தைகளுக்கான வேடிக்கைக் கதைகளிலிருந்து விலகி, வயது வந்தோருக்கு நாடகத்தன்மையுடன் கதை சொல்ல வேண்டும் என்று விரும்பிய டட்சுமி யோஷிஹிரோ முதலிய ஓவியர்களோடு சேர்ந்து 1959-இல் 'கெகிகா' என்ற பெயரில் குழு அமைத்தார். அந்தக் குழு நீடிக்கவில்லை. ஆனால் மறு ஆண்டே, 1960-இல், சாய்டோ தம் பெயரில் ஒரு படைப்புக்கூடத்தைத் தொடங்கினார், அது இன்றும் இயங்குகிறது.

அந்தக் கூடத்தில் வேலை பிரிக்கப்பட்டிருந்த விதம் திரைப்பட நிறுவனத்தைப் போன்றது. கதையை ஒருவர் எழுதுவார். அதைச் சட்டங்களாகப் பிரித்து அமைப்பது ஒருவர். கட்டடங்கள், வாகனங்கள், துப்பாக்கிகள் ஆகியவற்றை வரைவதற்கு அவற்றில் தேர்ந்தவர்கள். டோகோவின் முகத்தை வரைவது சாய்டோ. கதை முடியும் இடத்தில் இத்தனை பேருடைய பெயர்களும் படத்தின் இறுதியில் ஓடுவது போல அச்சிடப்பட்டிருக்கும். மங்கா உலகில் உதவியாளர்கள் இல்லாத ஆசிரியர் அரிதுதான், ஆனால் அவர்களுடைய பெயரை இப்படி வெளிப்படையாகப் போட்டு, கதை எழுதும் திறமும் வரையும் திறமும் வெவ்வேறு, இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை என்று வாதாடியவர் சாய்டோ.

நம் பக்கத்தில் இதைப் புரியவைப்பது எளிது. ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்த வட்டிக்கடைக்கு முதலாளியின் விலாசம், அதாவது கடைப் பெயர், இருக்கும், முதலாளி ஊரில் இருப்பார், கடையை நடத்துவது மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போகும் ஏஜெண்டு. கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் கப்பலேறினால் அடுத்தவர் போய் உட்காருவார். முதலாளியே காலமானாலும் விலாசம் மாறாமல் கொடுக்கல் வாங்கல் நடக்கும். சாய்டோ நிறுவியது அப்படிப்பட்ட ஒரு விலாசம். 2021 செப்டம்பர் 24 அன்று கணையப் புற்றுநோயால் தம் 84-ஆவது வயதில் அவர் மறைந்தபோது, தாம் இல்லாவிட்டாலும் கோல்கோ தொடர வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தை 'பிக் காமிக்' இதழின் ஆசிரியர் குழு அறிவித்தது. கூடத்தினரும் அந்தக் குழுவும் சேர்ந்து இன்றுவரை நடத்தி வருகிறார்கள்.

1968 அக்டோபரில், மாதம் இருமுறை வரும் அந்த இதழில் தொடங்கிய தொடர், 2020-இல் கொரோனா பரவிய மாதங்களில்தான் முதன்முறையாக இடைவெளி விட்டது. நெருங்கி உட்கார்ந்து பலர் கூடிச் செய்யும் வேலை என்பதால் அப்போது கூடத்தைத் திறக்க முடியவில்லை. தனியே வீட்டில் வரைபவராக இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார். மறு ஆண்டு ஜூலையில் 201-ஆவது தொகுதி வந்தபோது, மிக அதிகமான தொகுதிகள் கொண்ட ஒற்றை மங்காத் தொடர் என்று கின்னஸ் பதிவு செய்தது. அதற்கு முன் 200 தொகுதிகளுடன் 2016-இல் நிறைவடைந்த ஒரு போலீஸ்காரர் நகைச்சுவைத் தொடர்தான் முன்னிலையில் இருந்தது. தம் சாதனை உறுதியானதைப் பார்த்துவிட்டே சாய்டோ கண்மூடினார்.

ஆகவே செக்காலை ரோட்டார் அண்ணன் தயங்காமல் 'சாய்டோவின் கோல்கோ' என்றே பேசலாம். நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் ஷின்சானின் ஆசிரியர் யோஷிடோ உசுய் 2009-இல் இறந்த பிறகும் அவருடைய குழுவினர் அக்கதையைத் தொடர்ந்தார்கள், ஆனால் அங்கே பெயருக்கு முன் 'புதிய' என்று சேர்த்துக்கொண்டார்கள். இங்கே அதற்கும் தேவை ஏற்படவில்லை.

மறுமொழி
கோட்டையூர் ஆச்சி

பள்ளத்தூர்த் தம்பி சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் முகத்தை வரைந்த கை போய்விட்டது என்பதை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். வட்டிக்கடைக் கணக்கை யார் எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். டோகோவின் புருவத்தை யார் வரைந்தாலும் ஒன்று என்று சொல்ல முடியாது. பேசாத ஒருவனுக்கு முகமல்லவா வசனம்? ஐம்பது ஆண்டுகளாக அந்த ஒரு வேலையை மட்டும் அவர் பிறரிடம் விடாமல் வைத்திருந்ததே, அது மற்ற வேலைகளைப் போன்றதன்று என்று அவருக்குத் தெரிந்திருந்ததைக் காட்டுகிறது. புதிய கதைகள் நன்றாக இருக்கலாம். அவற்றைச் சாய்டோ கூடத்தின் கோல்கோ என்று சொல்வதுதான் முறை.

மாணவர்கள் முன் வைப்பதைப் பற்றி: இது வயது வந்தோருக்கான இதழில், வயது வந்த ஆண்களை நினைத்தே எழுதப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பழைய கதைகளில் பெண்கள் வரும் விதம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. படுக்கையறைக்கும் பிணவறைக்கும் இடையே அவர்களுக்கு வேறு இடம் இருப்பதில்லை. அந்தப் பக்கங்களைப் பொதுக்கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்ட வேண்டாம்.

கொலையாளி கதைத் தலைவன் என்பதற்காக மட்டும் நான் மறுக்கமாட்டேன். டோகோவை நல்லவன் என்று இத்தொடர் எங்கும் சொல்வதில்லை. கூர்ந்து வாசித்தால் கதை அவனைப் பற்றியதே அன்று, அவனைத் தேடி வருகிறவர்களைப் பற்றியது: உளவு நிறுவனத்து அதிகாரி, பெருநிறுவனத் தலைவர், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன். பனிப்போர்க் காலத்தில் சிஐஏவும் கேஜிபியும் வந்தன, சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு தானிய வணிகர்களும் வங்கியாளர்களும் வந்தார்கள். வேலை கொடுப்பவர் உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்பது அவனுடைய நிபந்தனை, மறைத்தவர் பிழைப்பதில்லை. யாருக்கு யார் சாக வேண்டியிருக்கிறது, ஏன் என்பதை மாணவர்கள் விவாதித்தால் அது நல்ல அரசியல் பாடமாகவே அமையும்.

செக்காலை ரோட்டார்

அனைவருக்கும் நன்றி. ஆச்சி சொன்னபடியே பக்கங்களை முன்கூட்டித் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். ஈராக் பீரங்கிக் கதையை முன்வைத்துத் தொடங்கி, கூடம் இயங்கும் முறையைப் பள்ளத்தூர்க்காரர் அண்ணனே வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படங்களாகவும் வந்திருப்பதாக அம்மான் சொல்கிறார். அவற்றில் எதையேனும் காட்டலாமா?

மறுமொழி
தேவகோட்டை நண்பர்

1973-இல் கென் டகாகுரா நடித்த படம் பெரும்பாலும் ஈரானில் எடுக்கப்பட்டது. 1977-இல் சன்னி சிபா நடித்த இன்னொன்று வந்தது. இரண்டையும் தேடிப் பிடிக்கும் சிரமத்துக்கு ஈடான பலன் இல்லை. ஒசாமு டெசாகி இயக்கிய 1983-ஆம் ஆண்டு அசைவூட்டப் படம் மிகச் சிறந்தது, கணினி வரைகலையை அவ்வளவு முன்பே பயன்படுத்தியது என்ற சிறப்பும் அதற்கு உண்டு, ஆனால் ஆச்சி எச்சரித்த காட்சிகள் அதில்தான் மிகுதி. 2008-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 50 பகுதிகள் கொண்டது. அதிலிருந்து ஏதேனும் ஒன்றை முதலில் நீங்கள் முழுவதும் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்றும் கூட்டத்துக்குப் பயன்படும். 2016-இல் டாக்கா உணவகத் தாக்குதலில் ஜப்பானியர்களும் உயிரிழந்த பிறகு, வெளிநாட்டில் தொழில் நடத்தும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பாதுகாப்புக் கையேட்டை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் 2017-இல் வெளியிட்டது. அறிவுரை சொல்பவராக அதில் வருபவன் டியூக் டோகோ. கூலிக்கொலையாளியை ஓர் அரசே அழைத்து, தினமும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் அலுவலகம் போகாதீர்கள் என்ற வகையில் தன் குடிமக்களுக்குப் பாடம் சொல்ல வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் பக்கத்து மாணவர்களுக்கு, அந்தக் கையேட்டின் பக்கங்களில் ஆச்சிக்கும் ஆட்சேபம் இருக்காது.