கையெட்டூர் அருவி: முழங்கால் வலியோடு போக முடியுமா?

உறையூர்க்காரி:
மகன் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவில் வேலை பார்க்கிறான். ஜனவரியில் நானும் வீட்டுக்காரரும் போய் அவனோடு ஒரு மாதம் இருக்கப் போகிறோம். கையெட்டூர் அருவியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று எனக்கு ஆசை. காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்க வேண்டும் என்கிறார் ஒருவர், குட்டி விமானம் போகிறது என்கிறார் இன்னொருவர். எனக்கு 61 வயது. படி இறங்கினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். போய் வந்தவர்கள் விவரம் சொல்லுங்களேன்.

பொட்டாரோ:
தாராளமாகப் போகலாம் அம்மா. நான் இரண்டு வழியிலும் போயிருக்கிறேன். நடந்து போகும் வழி உங்களுக்கு வேண்டாம். படகில் அருவிக்குக் கீழே உள்ள டுக்கைட் என்ற இடம் வரை போய், அங்கிருந்து செங்குத்தாக ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்கு வழிகாட்டிகள் வைத்திருக்கும் பெயரே ‘ஓ மை காட்’. எனக்கு 34 வயதில் தொடை நடுங்கியது.

குட்டி விமானத்தில் போங்கள். தலைநகர் ஜார்ஜ்டவுன் பக்கத்து ஓகிள் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கீழே பச்சையைத் தவிர வேறொன்றும் தெரியாது. இறங்கிக் கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் அருவி. வேரும் வழுக்குப் பாறையும் உண்டு, கைத்தடி கட்டாயம்.

அருவியின் உயரம் 226 மீட்டர் என்று படித்தால் மனதில் நிற்காது. உங்கள் ஊர்ப்பக்கமே சொல்கிறேன்: ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை மூன்று அடுக்கினாலும் உச்சி எட்டாது. பொட்டாரோ ஆறு கடுங்காப்பி நிறத்தில் அமைதியாக வந்து, விளிம்பில் அப்படியே மடிந்து விழுகிறது. தன் மக்களைக் காப்பாற்ற ‘கை’ என்ற தலைவர் படகோடு இதில் இறங்கினார் என்பது பட்டமோனா பழங்குடியினர் சொல்லும் கதை. அந்த விளிம்பில் நின்றபோது அந்தக் கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒன்று முக்கியம். கம்பித்தடுப்பு கிடையாது. ஓரத்துக்குப் போகாதீர்கள், வீட்டுக்காரரையும் விடாதீர்கள். வழிகாட்டி நில் என்றால் நின்றுவிடுங்கள்.

திரும்பும் டிக்கெட்டுக்கு முந்தைய நாள் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் தடவை போதிய ஆள் சேரவில்லை என்று காலையில் விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள், மறுநாள் மேகம். மூன்றாம் நாள்தான் போனேன். ஜனவரியில் மழை இருக்கும், ஆகவே கையில் நாலைந்து நாள் வைத்திருங்கள்.

கிண்டிவாசி:
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள் அம்மா. கயானாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

உறையூர்க்காரி:
தடுப்பூசி விஷயம் யாருமே சொல்லவில்லை, ரொம்ப நன்றி தம்பி. இரண்டு பேருமே 60 தாண்டியவர்கள், நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன். அங்கே எவ்வளவு நேரம் விடுவார்கள்? இரண்டு மணி நேரம்தான் என்கிறான் மகன். அவ்வளவு தூரம் போய் அது போதுமா?

பொட்டாரோ:
போதும் அம்மா, போனை உள்ளே வைத்துவிட்டால். முதல் தடவை நான் படம் எடுத்தே நேரத்தைத் தொலைத்தேன்.

போகிற வழியில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய செடிகள் நிற்கும், அன்னாசி இனம். இலைகளின் அடியில் மழைநீர் தேங்கியிருக்கும். வழிகாட்டியிடம் பொன் தவளையைக் காட்டச் சொல்லுங்கள். நானும் அவர் சொன்னபடி ஓர் இலையிடுக்கில் முகத்தை வைத்து மூச்சடக்கிப் பார்த்தேன். முதலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் மஞ்சளாய் ஒன்று அசைந்தது, கட்டைவிரல் நகம் அளவு. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தச் செடிதான் உலகம். முட்டையும் அங்கேதான், குஞ்சை முதுகில் சுமப்பது அப்பன் தவளை. அதைத் தொடக் கூடாது. கொசு மருந்து பூசிய கையை அந்தத் தண்ணீரில் வைக்கவும் வேண்டாம்.

குனிய வேண்டாம், இலை உங்கள் கண் மட்டத்துக்கே வரும். முழங்காலுக்குச் சிரமம் இல்லை.