பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ‘மாதிரி போதாது’ என்று வந்தவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஸ்லைடு_மேசை:
ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்ற அந்த அம்மா, “போதாதுன்னா கேன்சருங்களா?” என்று கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. அவருடைய ஸ்லைடில், அதாவது செல்களைத் தடவிய கண்ணாடித் துண்டில், நோய் என்று சொல்ல எதுவும் இல்லை, காற்றில் காய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். காய்ந்த செல்லில் உட்கரு வீங்கி, வெளிறி, விளிம்பு கலங்கிப்போகும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்திலும் நாங்கள் தேடுவது பெருத்த உட்கருவைத்தான். இரண்டையும் பிரிக்க முடியாதபோது ‘போதாது’ என்று எழுதுவதைத் தவிர வழியில்லை.

தப்பு நடப்பது மாதிரி எடுத்த பிறகு வரும் சில நொடிகளில். ஸ்பாட்டுலாவை (செல்களைச் சுரண்டும் தட்டைக் குச்சி) கருப்பை வாயில் ஒரு முழுச் சுற்று, பிரஷ்ஷைக் கருப்பை வாயின் உள்ளே கால் சுற்று. பிரஷ்ஷை அதற்கு மேல் சுற்றினால் ரத்தம் வந்து செல்களை மூடிவிடும். ஸ்லைடில் தடவிய கையோடு 95 சதவீத எத்தனாலில் முக்க வேண்டும், குறைந்தது 15 நிமிடம் அதிலேயே கிடக்கட்டும். பல இடங்களில் ஸ்லைடை ட்ரேயில் வைத்துவிட்டு ஃபாரம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயரை முன்பே எழுதி வையுங்கள், பென்சிலால். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, யாருடைய ஸ்லைடு என்றே தெரியாமல் போகும்.

ஓபி_செவிலி:
எல்லாப் பழியையும் மாதிரி எடுப்பவர் மேல் போடாதீர்கள். “சுத்தமா வரணும்னு உள்ளே நல்லா கழுவிட்டு வந்தேன் சிஸ்டர்” என்று ஒரு பெண் அவ்வளவு பெருமையாகச் சொன்னார். நமக்கு வேண்டிய செல்களைத்தான் கழுவி விட்டிருந்தார்! யாருமே அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 48 மணி நேரத்துக்கு முன்பிருந்தே உள்ளே கழுவுவது, க்ரீம், உள்ளே வைக்கும் மாத்திரை, உடலுறவு எதுவும் கூடாது. பீரியட்ஸ் நாட்களும் வேண்டாம், நின்று சில நாள் கழித்து வரலாம். வெளியே வழக்கம்போல் குளித்தால் போதும்.

ஸ்பெக்குலத்தில் (கருப்பை வாயைப் பார்க்க உள்ளே விட்டு விரிக்கும் கருவி) ஜெல் தடவுவதையும் நிறுத்துங்கள். ஜெல் செல்களை மூடிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் போதும்.

வலியும்_கணக்கு:
போதாது சிஸ்டர், எல்லோருக்கும் போதாது. மாதவிடாய் நின்று பல வருடமான ஒரு அம்மா பாதியில் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திரும்ப வரவே இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து சவ்வு மெலிந்து உலர்ந்திருக்கும் இடத்தில் வெறும் தண்ணீர் எப்படிப் போதும்? சிறிய அளவு ஸ்பெக்குலம் எடுங்கள். தண்ணீர் சார்ந்த ஜெல்லை மிக மெல்லிசாக, நுனியை விட்டுவிட்டு வெளிப்பக்கம் மட்டும் தடவினால் ஸ்லைடு கெடாது. விரும்பினால் அவரே ஸ்பெக்குலத்தை உள்ளே செலுத்திக்கொள்ளட்டும், மல்லாந்து படுக்க முடியாதவர் ஒருக்களித்துப் படுக்கட்டும். அப்படியும் மாதிரி சரியாக வராவிட்டால், மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் க்ரீமைச் சில வாரம் உள்ளே தடவச் சொல்லி, அதை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி எடுப்பார்.

ஸ்லைடு_மேசை:
வலியும்_கணக்கு, ஜெல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் ஸ்லைடில் தடவாமல் திரவக் குப்பியில் எடுக்கும் முறை என்றால் கார்போமர் (ஜெல்லைக் கெட்டியாக்கும் பொருள்) கலந்த ஜெல் ஆகவே ஆகாது, லேபிளைப் படியுங்கள். அந்த முறையில் துடைப்ப வடிவ பிரஷ்ஷை ஒரே திசையில் 5 சுற்று. பிறகு திரவத்தில் நன்றாக அலச வேண்டும். பிரஷ்ஷிலேயே ஒட்டிக்கொண்ட செல்களை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

வைரஸ்_லேப்:
ஹெச்.பி.வி. (உடலுறவில் பரவும், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு வந்த ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: “இது என் வீட்டுக்காரர் இப்ப தப்பு பண்ணினார்னு அர்த்தமா?” இல்லை. இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உடலில் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த டெஸ்ட்டும் சொல்லாது.

இங்கே யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்பெக்குலத்துக்குப் பயப்படுபவர்களுக்கு ஹெச்.பி.வி. டெஸ்ட்டைச் சொல்லுங்கள். ஸ்வாபை (மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி) அவர்களே சில சென்டிமீட்டர் உள்ளே விட்டு, சில முறை சுழற்றி எடுக்கலாம், கருப்பை வாயைத் தேட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் நோய் என்று அர்த்தமில்லை, பெரும்பாலான தொற்று இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் ஹெச்.பி.வி.யின் 16, 18 ஆகிய இரு வகைகள். அவை வந்தால் நேராக கால்போஸ்கோபிக்கு (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) அனுப்புவார்கள். மற்ற வகை என்றால் முதலில் பாப் ஸ்மியர் பார்ப்பது வழக்கம்.

உறவுக்குப் பிறகு ரத்தம் வருகிறது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் வருகிறது என்றால் ஸ்கிரீனிங் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். போன ரிப்போர்ட் நார்மல் என்றாலும் மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

ஓபி_செவிலி:
தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டோம். ‘மாதிரி போதாது’ என்று வந்தால் அடுத்த வாரமே ஓடி வர வேண்டாம், 2 முதல் 4 மாதத்துக்குள் மறுபடி எடுப்பது வழக்கம். தொற்று இருந்ததால் கெட்டது என்றால் முதலில் அதற்கு மருந்து. கர்ப்பப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டு வாருங்கள், கருப்பை வாயை விட்டுவைத்திருந்தால் டெஸ்ட் தொடர வேண்டியிருக்கும்.